அடுத்த படகுக்கு இரண்டு மணி நேரம்

விர்த்சு துறைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது
படகின் முதுகுதான் தெரிந்தது.
ஹெல்துர் என்ஜினை அணைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டு நின்றவள் நான்.
அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டு. காலையில் மழை பெய்து விட்டிருந்தது.
சாலைக்கு அப்பால் புல் அறுத்து முடித்த வெளி,
வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருளைகள்
ராட்சசக் கோழி இட்டுவிட்டு மறந்தவை.
காருக்குள் உட்கார்ந்திருப்பதற்கு நடக்கலாம் என்று
தனித்தனியாக முடிவு செய்து
ஒரே பக்கமாக நடந்தோம்.

அவர்தான் மிதிக்கப் பார்த்தார்.
தூக்கிய காலைக் கீழே வைக்காமல்
"இது என்ன?" என்றார்.

சாண் உயரத் தண்டு. தண்டுக்கு ஒரே பூ.
வெள்ளைதான், ஆனால் வெறும் வெள்ளை இல்லை:
ஐந்து இதழிலும் பச்சை ரேகை,
பழைய பீங்கான் தட்டின் மயிர்க்கீறல் மாதிரி.
பாதி வழியில் ஒரே ஒரு இலை
தண்டை இறுகக் கட்டிக்கொண்டு.

போனைக் காட்டினார் அதற்கு.
போன் சற்று யோசித்து
காட்டு ஸ்ட்ராபெரி, அறுபத்தொரு சதவீதம் என்றது.
"மிச்சம் முப்பத்தொன்பதில் உண்மை இருக்கிறது"
என்றார் ஹெல்துர்.
மூன்று நாளாக நான் சிரிக்கவில்லை.
அப்போதும் சிரிக்கவில்லை;
மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வந்தது.

பறிக்கவில்லை. மண்டியிட்டோம்.
வாசிக்கும் கண்ணாடியைக் கழற்றிப்
பூவுக்கு மேலே பிடித்தார்.
உள்ளே ஐந்து சின்ன விசிறிகள்,
விசிறியின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு மஞ்சள் துளி,
தேன்போல மினுங்கியது.
ஓர் ஈ வந்து ஒவ்வொன்றாய் நக்கிப் பார்த்தது.
நானும் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தேன்:
ஈரமில்லை, பிசுக்கில்லை. வெறும் பளபளப்பு.
ஈ அடுத்த துளிக்குப் போயிற்று.
யார் சொல்வது அதற்கு?

முப்பது வருடம் மீன் ஆலையில் டின் எண்ணியவர்
மகரந்தத் தாள்களை எண்ணினார்.
ஐந்து. ஆனால் ஐந்தும் ஒரு மாதிரி இல்லை.
மூன்று, தலை உதிர்ந்து வெளியே சாய்ந்துவிட்டன.
ஒன்று நடுவில் சூலகத்தின்மேல் குனிந்திருக்கிறது.
ஒன்று குட்டையாய், ஓரத்தில், இன்னும் எழவேயில்லை.
"கணக்கு உதைக்கிறதே" என்றார்.

டிராக்டர் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது.
ஓட்டி வந்தவளின் சட்டைப்பையில்
மாரே என்று நூலால் தைத்திருந்தது.
"சாவி தொலைந்துவிட்டதா?" என்றாள்.
பூவைக் காட்டினோம்.
"ஓ, அதுவா. மறுதாம்புப் பூ.
அறுத்த புல் மறுபடி தழைக்கும்போது வரும்.
அறுக்காத இடத்திலும் இருக்கும்தான், யார் பார்த்தார்கள்,
புல் மூடிவிடும்.
நாளுக்கு ஒரு தாள் எழும், குனியும், உதிரும்.
ஐந்து நாள் வேலை.
சனி ஞாயிறு கிடையாது என்பாளா யாராவது அதனிடம்?"
எங்கள் பதிலுக்கு நிற்காமல் கியரை மாற்றினாள்.

அப்படியானால் இது நாலாம் நாள்.
அப்படியானால் திங்கட்கிழமை விரிந்த பூ.

திங்கட்கிழமை
அவருடைய முதல் மனைவியின் மழைக்கோட்டைக்
கூடத்து ஆணியிலிருந்து எடுத்து
பரணில் வைத்தேன், கேட்காமல்.
அவர் அதை இறக்கித் திரும்ப மாட்டினார், சொல்லாமல்.
கல்யாணமாகிப் பதினான்கு மாதம் எங்களுக்கு.
அன்றைக்கு இங்கே, இந்த ஈரத்தில்,
முதல் தாள் எழுந்து குனிந்திருக்கிறது.

அவரும் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
திங்கள் என்று உதடு அசைந்தது.
குரல் வரவில்லை.

பிறகு படகு ஊதியது.
இரண்டாவதையும் விட்டுவிடுவோமோ என்று ஓடினோம்.
ஓட்டத்தின் நடுவே, மூச்சு வாங்க,
"நாளைக்கு அந்தக் கடைசித் தாள் எழுவது
காலையிலா, மாலையிலா?" என்றார்.
எனக்கென்ன தெரியும்.

மேல்தளம். நாலு முழங்காலிலும் வட்டமாய் ஈரம்.
டிக்கெட்டின் முதுகில் எழுதினார்:
தேதி, துறை, மறுதாம்புப் பூ, ஒரு தண்டு.
கொஞ்சம் யோசித்து
நாலாம் நாள் என்று சேர்த்தார்.
கோட்டுக்கு ஆணியா பரணா என்பது
இன்னும் முடிவாகவில்லை.

தீவு நெருங்க நெருங்க
எனக்கு அந்த ஈயின் ஞாபகம்.
இப்போது எந்தத் துளியில் இருக்கிறதோ.